செய்தவனும் செய்வித்தவனும்

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று இரண்டு உண்டு. 'செய்தான்' என்பது ஒன்று; 'செய்வித்தான்' என்பது மற்றொன்று. பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரிந்த இந்த வித்தியாசம், பணம் நடமாடும் இடத்திலே மட்டும் எப்படியோ மறந்து போகிறது. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று பெருமூச்சு விடும் கனவான், ஒரு செங்கல்லைக்கூடத் தூக்கி வைத்திருக்க மாட்டார். ஆனாலும் 'வீடு கட்டினேன்' என்றுதான் சொல்லிக் கொள்வார். கொத்தனாரும் சித்தாளும் அந்த வினைச்சொல்லுக்குள் எங்கேயோ புதைந்து போகிறார்கள்.

இந்தப் பிழை உலகத்துக்கே பொதுவானது. ஆனால் அமெரிக்காவில் ஒரு வகை மோட்டார் காரின் விஷயத்தில், அது பிழை என்ற நிலையைத் தாண்டி அநியாயமாகவே ஆகிவிட்டது. 'ஹாட் ராட்' என்று அந்தக் காருக்குப் பெயர். கதை படிக்கிற நமக்குக் காரைப் பற்றி என்ன கவலை என்று கேட்காதீர்கள். ஒரு வேலையின் புகழ் யாரைச் சேர வேண்டும் என்பது எல்லாருக்கும் உரிய கவலைதான்.

தெற்குக் கலிபோர்னியாவில், வறண்டு பலகை போல இறுகிக் கிடக்கும் ஏரிகள் உண்டு. முராக் ஏரி அவற்றில் ஒன்று. 1930களில், கையில் அதிகக் காசில்லாத வாலிபர்கள் பழைய கார்களை அங்கே ஓட்டிக்கொண்டு போய் வேகம் பார்த்தார்கள். 1937-இல் சங்கமும் அமைத்துக் கொண்டார்கள். அவர்கள் பெரிதும் விரும்பியது 'ரோட்ஸ்டர்' - நிலையான கூரையும், ஏற்றி இறக்கும் பக்கக் கண்ணாடியும் இல்லாத திறந்த வண்டி. விலை மலிவு, பளுவும் குறைவு. 1932-இல் ஃபோர்டு கம்பெனி, 65 குதிரைச் சக்தி கொண்ட எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சாமானியர் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டு வந்தது. சில வருஷங்களில் அந்த வண்டிகள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்கு வந்து சேர்ந்தன. இந்தக் கலை ஆரம்பமான இடம் அதுதான்.

அந்த வாலிபன் என்ன செய்தான்? முதலில் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்தான். 1932 ஃபோர்டின் சட்டம் வெளியே தெரியும்படியே வடிவமைக்கப்பட்டிருந்ததால், அவற்றைக் கழற்றிய பிறகும் வண்டி மொட்டையாகத் தெரியவில்லை, இன்னும் களையாயிற்று. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக்குக்கு ஃபோர்டு 1939-இல்தான் மாறியது. அந்தப் பிரேக்கைத் தேடிப் பிடித்துப் பழைய அச்சிலே பொருத்தினான். சிலிண்டர் மூடியின் அடிப்பாகத்தைச் சீவி அழுத்தத்தை ஏற்றினான். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தான். உடலின் தரையை அறுத்து, சட்டத்தின் மேல் தாழ்த்தி உட்கார வைத்தான். வெட்டின இடங்களைப் பற்றவைத்து, பள்ளங்களை ஈயத்தால் நிரப்பி, அரத்தால் ராவி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தான். கண்ணுக்குத் தப்பிய குழி விரலுக்குத் தப்பாது.

இந்தப் பாகங்களில் எதுவும் மற்றொன்றுக்காகப் பிறந்ததல்ல. கல்யாணப் பந்தலில் சம்பந்திகள் முறைத்துக்கொண்டு நிற்பது போலத்தான் நிற்கும். அவற்றை இணங்க வைப்பதுதான் வேலை. அதற்குக் கை மட்டும் போதாது, மூளையும் வேண்டும். கடைசியில் அதில் ஏறி மணிக்கு 100 மைல் வேகத்தில் பறக்கப் போகிறவனும் அவனே. தான் பற்றவைத்த இணைப்பின் மேல் தன் உயிரையே உட்கார வைத்தான். இதைவிட நேர்மையான கையெழுத்து உலகத்தில் உண்டா?

தெருவிலே பந்தயம் விட்டு உயிரைப் போக்கிக் கொண்டவர்களும் போக்கியவர்களும் இருந்தார்கள். ஹாட் ராட் என்றாலே போக்கிரித்தனம் என்று மரியாதைப்பட்டவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. 1951-இல் வாலி பார்க்ஸ் முதலியோர் ஒரு தேசிய சங்கம் அமைத்து, பந்தயத்தைத் தெருவிலிருந்து ஒழுங்கான ஓடுபாதைக்கு இழுத்து வந்தார்கள். அன்றைக்குக் கனவான்கள் இந்த வண்டியைத் திட்டினார்கள், இன்றைக்கு வாங்குகிறார்கள். திட்டியதைவிட, வாங்கியதால் விளைந்த கெடுதல்தான் பெரிது என்பேன்.

1950-இல் ஓக்லண்டு நகரத்துக் கண்காட்சியில் 'அமெரிக்காவின் மிக அழகிய ரோட்ஸ்டர்' என்ற பரிசு தொடங்கியது. அந்தக் கண்காட்சி இப்போது பொமோனாவில் நடக்கிறது. அங்கே போட்டிக்கு வரும் வண்டிகளில் பல, தேர்ந்த பட்டறைகளில் பல தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் உழைத்து உருவாக்கியவை. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் நின்று, 'நான் கட்டிய வண்டி' என்று கைகுலுக்குகிறவர் யார்? செக்கில் கையெழுத்துப் போட்டவர்! 'வாங்கியதல்ல, கட்டியது' என்பது ஹாட் ராட் உலகத்தின் தாரக மந்திரம். அந்த மந்திரத்தையும் ஒட்டுத்தாளில் அச்சடித்து விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கி ஒட்டிக் கொள்ளலாம்!

'புரவலர் இல்லாவிட்டால் கலைஞன் எப்படிப் பிழைப்பான்?' என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பணம் கொடுப்பது குற்றமல்ல; தாராளமாகக் கொடுக்கட்டும். டிங்கர் வேலை தெரிந்தவனுடைய அடுப்பு எரியட்டும். ஆனால் கூலியைக் கொடுத்ததும் வினைச்சொல்லையும் சேர்த்து வாங்கியாயிற்று என்று நினைப்பதுதான் குற்றம். 'அந்தப் பழைய வாலிபன் மட்டும் என்ன, ஃபோர்டு செய்த எஞ்சினைத்தானே எடுத்துக் கொண்டான்?' என்றும் கேட்பார்கள். தச்சன் மரத்தை வளர்க்கவில்லை. அதனால் நாற்காலியைச் செய்தது காடு என்று சொல்லிவிட முடியுமா? 1932 ஃபோர்டின் உடலையே இன்று புதுத் தகட்டில் செய்து விற்கிறார்கள். அதை வாங்கிவந்து, தன் கொட்டகையில் இரவெல்லாம் கண்விழித்து ஒரு வண்டியைப் பூட்டுகிறவனிடம் எனக்குச் சண்டையில்லை. அவனும் செய்தவன்தான்.

டோன் ஸ்பென்சர் என்பவர் 1940களில் தம் கையால் இழைத்த 1932 ரோட்ஸ்டர் ஒன்று உண்டு. பிற்பாடு அது வேறு கைகளுக்குப் போயிற்று, புதுப்பிக்கவும் பட்டது. கோடீசுவரர்களின் கார்கள் அணிவகுக்கும் பெப்பிள் பீச் போட்டியில் 1997-இல் முதன்முதலாக ஹாட் ராடுகளுக்கு இடம் கொடுத்தபோது, அந்தப் பிரிவில் முதற்பரிசு அதற்குத்தான். இன்றும் அந்த வண்டிக்கு 'ஸ்பென்சர் ரோட்ஸ்டர்' என்றே பெயர். பத்திரத்தில் சொந்தக்காரர் பெயர் எத்தனை முறை மாறினாலும், வண்டி தன்னைச் செய்தவனை மறக்கவில்லை.

அந்த நியாயம் மற்ற வண்டிகளுக்கும் கிடைக்கட்டும். கண்காட்சியில் ஒவ்வொரு வண்டியின் பக்கத்திலும் வைக்கும் அட்டையில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். இன்னின்னார் செய்தார்கள், இன்னார் செய்வித்தார். வெல்டிங் வைத்தவன், தகடு தட்டியவன், வர்ணம் பூசியவன் எல்லார் பெயரும் மேல் வரியில் வரட்டும். செய்வித்தவருக்குக் கீழ் வரி போதும். வண்டிதான் அவரிடம் இருக்கிறதே!