கழுத்தில் கிடப்பதும் கடத்தலோ?

சித்தியவான் வட்டாரத் தோட்டத் தொழிலாளிக்குச் சேமிப்பென்றால் நோட்டுக்கட்டு அன்று, பொன். பால்மரக் காட்டில் வியர்வை சிந்திச் சேர்த்த வெள்ளி, மனைவியின் கழுத்தில் தாலிக்கொடியாய் ஏறிற்று. சட்டமோ ரொக்கத்துக்கே மரியாதை செய்கிறது. 10,000 அமெரிக்க டாலருக்கு மேல் வைத்திருப்பவர், புறப்படுகையில் மலேசியாவிலும் இறங்கியதும் இந்தியாவிலும் படிவத்தில் அறிவித்தால் போதும், தலைநிமிர்ந்து வெளியேறலாம்.

தாலிக்கு அம்மரியாதை உண்டா? இந்தியா 2016-இல் வகுத்த பயண உடைமை விதிகள், ஓராண்டுக்கு மேல் அயலகத்தில் வாழ்ந்து திரும்பும் பெண்ணுக்கு 40 கிராம் நகையைத் தீர்வையின்றி அனுமதித்தன. மதிப்பு மட்டும் 1,00,000 ரூபாயைத் தாண்டலாகாது என்றன. 2025-இல் அத்தொகைக்கு 2 பவுன்கூடத் தேறவில்லை! நகையை அறிவித்துச் சுங்கத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்புகையில் பெற்றுக்கொள்ள 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு வழிவிடுகிறதாம். தாலியைக் கிடங்கில் பூட்டிவிட்டு, வெறுங்கழுத்தோடு எந்த உறவினர் வீட்டுத் திருமணத்தில் போய் நிற்பது?

‘குருவி’கள் கூலிக்குப் பொன் கடத்துவது மெய்தான். அவர்களைப் பிடிக்க வேண்டாமென்று யார் சொன்னார்? அதற்காக நரைத்த தலைப் பாட்டியின் கழுத்தில் கைவைப்பதா?

சென்னை விமான நிலையத்தில் இலங்கைத் தமிழ்ப் பெண்ணொருவரிடம் பறிமுதலான 11 பவுன் தாலிக்கொடியைத் திருப்பித் தருமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஆணையிட்டது. உடைமை விதிகள் பைக்குள் இருப்பதற்கே, உடலில் அணிந்ததற்கு அல்ல என்றும் கூறிற்று. நன்று. ஆயின் தாலிக்கொரு வழக்கா? இரண்டு வார விடுமுறையில் ஊர் பார்க்கப் போன சித்தியவான் குடும்பம், வழக்கறிஞரை எங்கே தேடும். வாய்தாவுக்கு எத்தனை முறை கப்பலேறும்?