காவலரும் நாமும்

கடைப் பூட்டு உடைந்தால் காவல் நிலையத்துக்கு ஓடுகிறோம். சாட்சிக் கையெழுத்து கேட்டால் மட்டும் 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்குகிறோம்.

2017இல் சென்னை கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையரைப் பிடிக்க ராஜஸ்தான் சென்ற ஆய்வாளர் பெரியபாண்டியன் அங்கேயே உயிர் விட்டார். ஒரு வணிகரின் நகைக்காகப் போன உயிர் அது. 2025 ஜூனில் நம் மாவட்டத்து மடப்புரத்தில், நகை காணோம் என்ற புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் காவலில் இறந்தார். முன்னதை மறப்பது நன்றிகேடு. பின்னதை மறைப்பது பாவம்.

ஒரு மூட்டை சொத்தை என்பதற்காகக் குடோனைக் கொளுத்த மாட்டோம். அந்த மூட்டையை விற்கவும் மாட்டோம். தவறியவரைச் சட்டம் தண்டிக்கட்டும். வெயிலில் நிற்பவரை மதிப்போம். வணிகப் பெருமக்களே, உறுதியில்லாமல் எவர் பெயரையும் புகாரில் சொல்லாதிருப்போம். கண்ணால் கண்டதைச் சொல்லத் தயங்காதிருப்போம்.