கோடு அச்சைத் தொடும் இடம்

ஒன்பதாவது படிக்கும் பேத்தி போன ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தாளோடு வந்து உட்கார்ந்தாள். அட்டவணை போட்டு, மூன்று புள்ளி வைத்து, ஸ்கேலால் நேர்கோடு இழுத்திருந்தாள். "கோடு அச்சை வெட்டுகிற இடத்துக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன். "அதெல்லாம் பரீட்சையில கேட்க மாட்டாங்க தாத்தா" என்றாள்.

அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு சிப்காட் ஆலைகளின் டேங்குகள் தெரியும். இப்படிப்பட்ட டேங்கில் திரவம் எவ்வளவு என்று கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்வது டிரான்ஸ்மிட்டர். உலகம் முழுக்கப் பரவலான வழக்கம் இது: டேங்க் காலி என்றால் 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டம், நிரம்பினால் 20. மட்டம் ஒரு சதவீதம் ஏறினால் 0.16 கூடும். அசல் நேர்கோடு.

பூஜ்யத்தில் ஆரம்பிக்காமல் 4-ல் ஏன் ஆரம்பித்தார்கள்? பல வருஷத்துக்கு முன் ஒரு மழைக்கால நைட் ஷிப்ட். மீட்டர் முள் பூஜ்யத்துக்கும் கீழே போய் ஒட்டிக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த பையன், "டேங்க் காலி சார், வால்வைத் திறந்துடறேன்" என்று கிளம்பினான். "நில்லுப்பா" என்று பிடித்து நிறுத்தினேன். டேங்கில் முக்கால் பங்கு அமிலம் இருந்தது. அறுந்திருந்தது ஒயர்தான்.

கணக்கைப் பாருங்கள். மட்டத்தைப் பூஜ்யமாக வைத்தால் மின்னோட்டம் 4. அது ஒரு வெட்டுத்துண்டு. மின்னோட்டத்தைப் பூஜ்யமாக வைத்தால் மட்டம் மைனஸ் 25 சதவீதம். அது இன்னொன்று. மைனஸ் 25 சதவீதம் அமிலம் எந்த டேங்கிலும் இருக்க முடியாது. ஆகவே டேங்க் காலியில்லை, சேதியே வரவில்லை என்று அந்தக் கோடே சொல்லிவிடுகிறது. பூஜ்யத்தில் ஆரம்பித்திருந்தால் காலி டேங்குக்கும் அறுந்த ஒயருக்கும் வித்தியாசம் தெரியாது.

8 மில்லி ஆம்பியர் வந்தால் 20-ல் வகுத்து 40 சதவீதம் என்று சொன்ன டிப்ளமா பையன்களையும் பார்த்திருக்கிறேன். 4-ஐக் கழித்து 16-ல் வகுத்தால் 25 சதவீதம்தான் வரும். அவர்கள் வரைபடம் போடத் தெரியாதவர்கள் அல்ல. கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்கப் பழகாதவர்கள்.

அதனால் வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று புள்ளி வைக்கச் சொல்லும்போது, அதில் இரண்டு அச்சின் மேலேயே இருக்கட்டும். ஒன்றைப் பூஜ்யமாக்கி மற்றதைக் கண்டுபிடிப்பது சுலபம், வேலையும் மிச்சம். பிறகு, "இந்த இடத்தில் நிஜத்தில் என்ன நடக்கிறது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். மார்க் தராவிட்டாலும் பரவாயில்லை.

பேத்தியிடம் இந்த டேங்க் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அந்த 4 சும்மா இல்லையா தாத்தா?" என்றாள். சும்மா இல்லை கண்ணு. ஒயர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.