முதலில் ஆயிலைப் பாருங்கள்

பழைய ஆட்டோமேடிக் கார் மக்கர் செய்தால் கியர் பாக்ஸைக் கழற்றுவது கடைசி வேலை. பெங்களூரில் பல இடங்களில் அதுவே முதல் வேலையாகிவிடுகிறது.

பெங்களூரில் ஆட்டோமேடிக் கார் வைத்திருப்பது ஆடம்பரம் என்று யாரும் இப்போது சொல்வதில்லை. அது முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ளும் உபாயம். டாம்டாம் நிறுவனம் 2022-ல் உலக நகரங்களின் போக்குவரத்தை அளந்தபோது, பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டரைக் கடக்க சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி பிடித்தது. லண்டனுக்கு அடுத்தபடியாக உலகிலேயே மெதுவான நகரம் என்ற பட்டமும் கிடைத்தது. சில்க் போர்டு சந்திப்பிலும் ஹெப்பாளிலும் கிளட்சை மிதித்து ஓய்ந்துபோன கால்களுக்கு இடது பெடல் இல்லாத கார் பெரிய நிம்மதி. ஓய்வூதியக்காரர்களின் சொர்க்கம் என்று ஒரு காலத்தில் பெயரெடுத்த ஊரில், மூட்டு வலியோடு தாமே கார் ஓட்டும் முதியவர்களுக்கு அது நிம்மதி மட்டுமல்ல, ஒரே வழியும்கூட.

அந்தக் கார் பன்னிரண்டு, பதினைந்து வயதை எட்டும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. ஒரு நாள் காலை 'டி'யில் போட்டால் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் வண்டி நகர்கிறது. அல்லது நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தபின் இன்ஜின் உறுமுகிறது, வேகம் ஏற மறுக்கிறது. ஒர்க்ஷாப்பில் விட்டால் அரை மணியில் தீர்ப்பு வந்துவிடும்: "கியர் பாக்ஸ் போயிடுச்சு சார். அசெம்பிளியா மாத்திடுங்க." அதற்கான மதிப்பீடு பல நேரம் அந்தப் பழைய காரின் விலையையே நெருங்கும்.

இதை மோசடி என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. சாதாரண கியர் பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோர்க்கும் மெக்கானிக்குகள் இந்த ஊரில் ஏராளம். ஆட்டோமேடிக்கின் உட்புறத்தைத் திறந்து பழகியவர்கள் குறைவு. தெரியாத ஒன்றைத் திறந்து மாட்டிக்கொள்வதைவிட, மொத்தமாக மாற்றச் சொல்வது அவர்களுக்குப் பாதுகாப்பு. கார் சொந்தக்காரருக்கோ அது பெரிய செலவு. இந்த இரண்டுக்கும் நடுவில் தொலைந்து போவது நோய் என்ன என்று பார்க்கும் வேலை.

பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி உண்டு. எந்த ஆட்டோமேடிக்? இந்தியாவில் அந்தப் பெயரில் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் விற்றிருக்கின்றன. மாருதி ஜென், ஹூண்டாய் சாண்ட்ரோ ஜிங், ஐ10, டொயோட்டா கரோலா ஆகியவற்றின் ஆட்டோமேடிக் ரகங்களில் இருப்பது டார்க் கன்வர்ட்டர். 2008 வரை விற்ற ஹோண்டா சிட்டி இசட்எக்ஸின் ஆட்டோமேடிக்கில் இருப்பது சிவிடி. அதில் பல்சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் ஓர் உலோகப் பட்டையும் வேலை செய்கின்றன. 2013-ல் வந்த வோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐயில் இரட்டை கிளட்ச். 2014-ல் மாருதி செலேரியோவோடு வந்த ஏஎம்டியோ சாதாரண கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் போடுவதையும் நம் சார்பில் ஒரு இயந்திரக் கை செய்கிறது. ஏஎம்டி கார் கிளம்பும்போது உதறினால் சந்தேகப்பட வேண்டியது தேய்ந்த கிளட்ச் தட்டை. இது தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து எழுதுவது ஆபத்து.

பழைய கார்களில் பெரும்பாலானவை டார்க் கன்வர்ட்டர் வகை. அதன் தத்துவம் எளிது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்தால் அதுதான் இது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அவர் மனதில் இருந்தது கப்பல். எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் இந்த உத்தி, ஜெனரல் மோட்டார்ஸின் 1940 ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்ற பெயரில் ஆட்டோமேடிக் கியராக விற்பனைக்கு வந்தது.

ஆக, இங்கே எண்ணெய் வெறும் மசகு அல்ல. சக்தியைக் கடத்துவது அது. கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது அது. சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுவே. சாதாரணமாக 80 முதல் 95 டிகிரி வரையிலான சூட்டில் அது நன்றாக உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் எண்ணெய் கெட்டுப்போகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. நின்று நின்று ஊரும் நெரிசலில் கன்வர்ட்டருக்குள் எண்ணெய் கடைந்து சூடேறுகிறது. முன்புறம் காற்றோட்டமும் இல்லை. மீட்டர் காட்டும் கிலோமீட்டர் குறைவாக இருக்கலாம். எண்ணெய் உழைத்த மணிக் கணக்கு அதில் தெரியாது. ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாத எண்ணெய் என்ற வாக்குறுதியை பெங்களூர் சாலையில் நம்பாமல் இருப்பது நல்லது.

ஆகவே சோதனை எண்ணெயில் தொடங்க வேண்டும். வண்டியைப் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒரு முறை கொண்டுபோய்ப் பிறகு அளவுக் குச்சியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளப்பது முறை. பழைய ஹோண்டாக்களில் இன்ஜினை நிறுத்திய ஓரிரு நிமிடத்துக்குள் அளக்க வேண்டும். காரோடு வந்த கையேட்டில் எப்படி என்று இருக்கும். குச்சியே இல்லாத கார்களை லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும்.

குச்சியில் வந்த எண்ணெயை ஒரு வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். நிறம் மட்டும் போதாது, எல்லா எண்ணெயும் சிவப்பாகப் பிறப்பதில்லை. கருத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டு எரிந்திருக்கிறது. வெள்ளி மினுமினுப்பு இருந்தால் உலோகம் தேய்கிறது. ரோஜா நிறப் பால் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பல கார்களில் இந்த எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. கூலண்ட்டுக்குப் பதில் உப்பேறிய போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி அந்தக் குழாய் அரித்துவிட்டால் இரண்டும் கலந்துவிடும். எண்ணெய் அளவு குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். இன்ஜின் ஆயில் போல இது எரிந்து தீர்வதில்லை.

அடுத்து, கியர் பாக்ஸுக்கு வெளியே இருக்கும் குற்றவாளிகள். 'டி'யில் போட்டதும் தடால் என்று இடிப்பது பல நேரம் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்ததால். லீவர் 'பி'யை விட்டு நகரவே மறுத்தால் பிரேக் பெடலின் ஸ்விட்சைப் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய் சமாச்சாரம். சில கார்களில் பலவீனமான பேட்டரியே கியர் கம்ப்யூட்டரைக் குழப்பி, ஒரே கியரில் ஓடும் தற்காப்பு நிலைக்குத் தள்ளிவிடும். சீரான வேகத்தில் போகும்போது, கரடுமுரடான சாலையில் ஓடுவது போல வண்டி நடுங்கினால், வேகத்தைக் குறைக்காமல் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் சந்தேகம் கன்வர்ட்டருக்குள் உள்ள லாக்-அப் கிளட்ச் மீது விழும். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் முதலில் பார்ப்பது லாபம்.

பிறகு ஸ்கேனர். இரண்டாம் கட்ட ஓபிடி இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கட்டாயமானது. அதற்குப் பிந்தைய கார்களில் எந்த ஒர்க்ஷாப்பிலும் குறியீட்டைப் படித்துவிடலாம். முந்தைய கார்களுக்கு அந்தந்தக் கம்பெனியின் முறை வேண்டும். பழைய ஹோண்டாக்களில் மீட்டரில் உள்ள 'டி' விளக்கு மினுக்கினால் அதுவே எச்சரிக்கை. ஆனால் குறியீடு தீர்ப்பு அல்ல. பி0700 என்று வந்தால் கியர் கம்ப்யூட்டர் ஒரு புகார் மனு கொடுத்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். மனுவில் என்ன இருக்கிறது என்று மேற்கொண்டு படிக்க வேண்டும். பெட்டியே போய்விட்டது என்று அது சொல்லவில்லை.

எண்ணெய் கெட்டிருந்தால், உலோகத் துணுக்கு இல்லாத பட்சத்தில், மாற்றிப் பார்ப்பது மலிவான முதல் சிகிச்சை. சிட்டி இசட்எக்ஸ் சிவிடி கிளம்பும்போது உதறுவது பல தடவை சரியான எண்ணெயை மாற்றியதும் அடங்கியிருக்கிறது. இதில் 'சரியான' என்ற சொல்தான் முக்கியம். சிவிடியில் சாதாரண ஆட்டோமேடிக் எண்ணெயை ஊற்றினால் பட்டை வழுக்கிப் பெட்டி நாசமாகும். எண்ணெய் சிறிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு வோக்ஸ்வாகனின் அனுபவம் ஒரு பாடம். 2013 நவம்பரில் அந்த நிறுவனம், வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் தன் ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டியின் செயற்கை எண்ணெய் மின்கோளாறு உண்டாக்கலாம் என்று கண்டு, உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துக் கனிம எண்ணெயாக மாற்றியது.

ஒரு முறை வடித்தால் பாதிக்கும் குறைவான எண்ணெய்தான் வெளியே வரும், மீதி கன்வர்ட்டரில் தங்கிவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் வடித்து நிரப்புவது நிதானமான வழி. பல வருடம் மாற்றாத பெட்டியில் அழுத்தம் கொடுத்துக் கழுவுவது, அடியில் படிந்த கசடைக் கிளப்பி வால்வுகளை அடைத்துவிடலாம். வடிக்கும்போது அடித்தட்டைக் கழற்றிக் காந்தத்தைப் பார்க்க வேண்டும். அதில் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் வயதின் அடையாளம். துணுக்குகளும் சில்லுகளும் இருந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான். எரிந்த கிளட்ச் தட்டைப் புது எண்ணெய் உயிர்ப்பிக்காது.

பெட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகரிலும் தேடல் தொடங்கும். பழைய பெட்டி மலிவு. ஆனால் அதன் ஜாதகம் யாருக்கும் தெரியாது. 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், வெளிவட்டச் சாலைப் பகுதிகளில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. மூச்சுக் குழல் வழியே நீர் புகுந்த பெட்டி வெளியே பளபளவென்றே இருக்கும். வாங்குமுன் அதன் எண்ணெயையும் அதே வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்ப்பது நல்லது.

பழைய காருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? டெல்லியில் பத்து, பதினைந்து வருடக் கார்களின் தலைக்கு மேல் சட்டக் கத்தி தொங்கியபடி இருந்திருக்கிறது. கர்நாடகத்தில் அந்தத் தடை இல்லை. தகுதிச் சோதனையில் தேறினால் பதினைந்து வருடத்துக்குப் பின்னும் ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். அதற்கான மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. அதைக் கட்டிவிட்டுக் காரைத் தொடர்ந்து ஓட்ட நினைப்பவர், தவறான நோய்க்கு வைத்தியம் பார்த்து அதைப்போலப் பல மடங்கு இழக்கக் கூடாது.

கையெழுத்துப் போடுமுன் ஒர்க்ஷாப்பில் நான்கு விஷயங்களைக் கேட்டால் போதும். எண்ணெயின் அளவும் வாடையும் எப்படி இருந்தன? ஸ்கேனர் காட்டிய குறியீடு எது? எண்ணெய் அழுத்தத்தை அளந்து பார்த்தீர்களா? கழற்றிய அடித்தட்டைக் காட்ட முடியுமா? பதில் வராவிட்டால் காரை வேறு ஒருவரிடம் காட்டலாம். பெட்டி வழுக்கும் காரை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. இன்ஜின் ஓடாதபோது உள்ளே எண்ணெய் பம்ப் வேலை செய்யாது. சக்கரங்கள் மட்டும் சுற்றினால் நல்ல பாகங்களும் உலர்ந்து தேயும். சக்கரம் தரையில் படாதபடி வண்டியின் மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.