டப்பாவில் எத்தனை வாட்?

முதலில் ஒரு கணக்கு. ப்ளக் பாயின்ட்டிலிருந்து வாங்கும் மின்சாரத்தைவிட அதிகமாக எந்த ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கருக்குக் கொடுக்க முடியாது. ஃபிக்ஸட் டெபாஸிட்டில்கூடப் போட்டதைவிடக் கொஞ்சம் அதிகம் வரும். ஆம்ப்ளிஃபயரில் எப்போதும் நஷ்டம்தான்.

இந்தச் சின்ன உண்மையை மறக்கடிப்பதற்கென்றே ஸ்டிக்கர்கள் அச்சடிக்கிறார்கள். தொண்ணூறுகளில் டூ-இன்-ஒன் வாங்கியவர்களுக்கு 'பி.எம்.பி.ஓ. வாட்' ஞாபகமிருக்கும். நெற்றியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும். அந்த அளவைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட இலக்கணமே கிடையாது. இன்று பி.எம்.பி.ஓ. ஓய்ந்துவிட்டது. அதன் பேரப்பிள்ளைகள் 'க்ளாஸ் டி' போர்டுகளின் விளம்பரங்களில் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

க்ளாஸ் டி என்றால் டிஜிட்டல் என்று பலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. ஏ, பி, ஸி மூன்றும் ஏற்கெனவே போய்விட்டதால் டி. அவ்வளவுதான்.

விஷயம் புரிய உங்கள் வீட்டு ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். பழைய காலத்துக் குண்டு ரெகுலேட்டர், ஃபேனுக்கு வேண்டாத மின்சாரத்தை ஒரு ரெஸிஸ்டரில் எரித்துத் தீர்க்கும். தொட்டால் சுடும். புது எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் எரிப்பதில்லை. மின்சாரத்தை நறுக்கி நறுக்கி அனுப்புகிறது. சுடுவதில்லை.

ஆம்ப்ளிஃபயரிலும் இதே கதைதான். பழைய ஏபி வகையில் ட்ரான்ஸிஸ்டர்கள் பாதி திறந்த குழாய் மாதிரி நின்றுகொண்டு உஷ்ணத்தைக் கக்கும். க்ளாஸ் டி-யில் குழாய் ஒன்று முழுக்கத் திறந்திருக்கும், இல்லை முழுக்க மூடியிருக்கும். ஸெகண்டுக்கு லட்சக்கணக்கான தடவை இந்தத் திறப்பும் மூடலும் நடக்கும். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதில்தான் பாட்டு ஒளிந்திருக்கிறது. கடைசியில் ஒரு காயிலும் கெப்பாஸிட்டரும் அந்த வெட்டுக்களை வழித்தெடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். க்ளாஸ் பி-யின் திறமைக்கு ஏட்டளவில்கூட 78.5 சதவீதம்தான் உச்சவரம்பு. இது நடைமுறையிலேயே 90-ஐத் தொடுகிறது.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1964-லேயே இங்கிலாந்தில் க்ளைவ் ஸின்க்ளேர் எக்ஸ்-10 என்று வீட்டில் சேர்க்கும் கிட்டாக இதை விற்றார். ட்ரான்ஸிஸ்டர்கள் அத்தனை வேகத்துக்குத் தயாராக இல்லாததால் சொன்ன வாட் வரவில்லை. பிறகு மாஸ்ஃபெட்கள் வந்தன. ட்ரைபாத் கம்பெனியின் டிஏ2020 சில்லு 'இவ்வளவு மலிவில் இவ்வளவு நன்றாகவா?' என்று ஆடியோ பிரியர்களைக் கலக்கியது. கம்பெனி பிழைக்கவில்லை. ஐடியா பிழைத்தது.

என் வீட்டு மாடி போர்ஷனில் ஓர் இளைஞர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. போனஸ் வந்த கையோடு ஒரு வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயரின் விலையைச் சொல்லி, ''வாங்கிடலாமா சார்?'' என்றார். ஏறக்குறைய போனஸ் முழுக்கப் போய்விடும்.

''இப்ப என்ன வெச்சிருக்கீங்க?''

''டிடிஏ2030 போட்ட பழைய செட் சார். சவுண்ட் செத்துப்போச்சு. க்ளாஸ் டி-ன்னா வேற லெவலாமே?''

''முதல்ல சில நூறு ரூபாயில ஒண்ணு செஞ்சு பார்ப்போம். வித்தியாசம் கேட்டா பெரிசா வாங்குங்க'' என்றேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிபிஏ3116 என்கிற சில்லு போட்ட போர்டு கிடைத்தது. அட்டையில் 'தலா 100 வாட்'. சில்லைத் தயாரிக்கும் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சொல்வது 21 வோல்ட்டில், 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு, தலா 50 வாட். அதுவும் 10 சதவீதம் சிதைந்த ஒலியோடு.

மின்சாரத்துக்கு லாப்டாப் அடாப்டர், 19 வோல்ட், 3.42 ஆம்பியர். பெருக்கினால் 65 வாட். அதாவது இரண்டு பக்கமும் சேர்த்தே 60-ஐத் தாண்டாது. 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றால் இன்னும் சுருக்கம். 19-ஐ 19-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் 22½ வாட், ஒரு பக்கத்துக்கு. பிரம்மாவே வந்து ஸால்டர் பண்ணினாலும் இதற்கு மேல் வராது.

செய்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, 230 வோல்ட் பக்கம் கை வைக்காதீர்கள். நல்ல அடாப்டராக ரெடிமேட் வாங்குங்கள். இரண்டு, 24 வோல்ட் கொடுக்க உத்தேசமிருந்தால் போர்டில் இருக்கும் கெப்பாஸிட்டர் எத்தனை வோல்ட் தாங்கும் என்று பாருங்கள். சில போர்டுகளில் 25-தான் இருக்கும். அது ஸீட் நுனியில் உட்கார்ந்து பஸ் பிரயாணம் செய்வது மாதிரி. மூன்று, இந்த வகையில் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர் 'எர்த்' அல்ல. இரண்டு ஒயர்களிலுமே பாதி வோல்ட்டேஜ் நிற்கும். இடது வலது மைனஸ்களைச் சேர்த்து முறுக்கினால் போர்டுக்குப் பதினாறாம் நாள்தான்.

ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை மாட்டினோம். ஸ்பீக்கர் முனைகளுக்கு இடையே டி.ஸி. சில மில்லிவோல்ட். பாஸ். பிறகு அலுமினியச் சட்டை போட்ட 8 ஓம்ஸ், 50 வாட் ரெஸிஸ்டர் ஒன்றை ஸ்பீக்கருக்குப் பதிலாக வைத்து, செல்போனிலிருந்து 100 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினோம். வால்யூமை ஏற்ற, மீட்டர் 12 வோல்ட் காட்டியது. 12-ஐ 12-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 18 வாட். நிஜமான, கையைச் சுடுகிற 18 வாட். சுட்டது ரெஸிஸ்டர்தான், சில்லு வெதுவெதுப்போடு சரி. மீட்டர் 13.4-ஐத் தாண்டினால் அலையின் தலை சீவப்படுகிறது என்று அர்த்தம். அதனால் அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

''வெறும் பதினெட்டா சார்?'' என்று முகம் வாடினார். வீட்டு ஹாலில் நாம் பாட்டுக் கேட்பது பெரும்பாலும் ஓரிரு வாட்டில்தான் என்றதும் இன்னும் வாடினார்.

பிறகு பாட்டுப் போட்டோம். முதல் நிமிஷமே, ''சார், பேஸ் பாருங்க! என்ன தெளிவு!'' என்றார். இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். புதுசு கொஞ்சம் சத்தமாகப் பாடினால் போதும், காது அதற்கு ஓட்டுப் போட்டுவிடும். எனவே பழைய செட், புது போர்டு இரண்டிலும் அதே 100 ஹெர்ட்ஸைக் கொடுத்து, ஸ்பீக்கர் முனையில் இரண்டும் 2 வோல்ட் காட்டும்படி வால்யூமைச் சரிசெய்தோம். நூற்றில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் கூடாது.

ஒரே ஸ்பீக்கர். நடுவே இரண்டு ஒயரையும் ஒரே தட்டில் மாற்றுகிற ஸ்விட்ச். நான் ஆம்ப்ளிஃபயர்களோடு ஒரு எட்டு முழ வேஷ்டித் திரைக்குப் பின்னால். காசைச் சுண்டி, பூ விழுந்தால் பழசு, தலை விழுந்தால் புதுசு. அவர் எது என்று சொல்லவேண்டும். பத்து தடவை.

''எதையாவது திருடுறீங்களா?'' என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள் மனைவி.

முடிவு, பத்துக்கு ஒன்பது சரி! குருட்டாம்போக்கில் ஒன்பதோ பத்தோ சரியாக வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான். போனஸ் போயிற்று என்று நினைத்தேன்.

''எப்படிக் கண்டுபிடிச்சீங்க?''

''பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி புதுசுல 'உஸ்ஸ்'னு ஒரு சத்தம் வருது சார்.''

ஆக, அவர் கண்டுபிடித்தது தெளிவை அல்ல, இரைச்சலை. இந்தச் சில்லுக்கு 20, 26, 32, 36 டெஸிபல் என்று நான்கு பெருக்கங்கள் உண்டு. ரெஸிஸ்டர் மாற்றித் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் போர்டில் 36 வைத்திருந்தது, சின்ன ஸிக்னலுக்கும் பெரிசாகக் கத்திக் காட்டுவதற்கு. 20-க்கு இறக்கினோம். 'உஸ்' அடங்கிவிட்டது. மறுபடி 2 வோல்ட், மறுபடி வேஷ்டி, மறுபடி காசு.

பத்துக்கு ஐந்து. பூவா தலையா கணக்கேதான்.

அதற்காக எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. இந்த மாதிரி மலிவு போர்டுகளில் கடைசி காயிலும் கெப்பாஸிட்டரும் திருத்தும் வளையத்துக்கு வெளியே இருக்கின்றன. ஸ்பீக்கர் 4 ஓம்ஸா 8 ஓம்ஸா என்பதைப் பொறுத்துக் கீச்சு ஸ்வரங்கள் கொஞ்சம் ஏறி இறங்கும். பிலிப்ஸில் இருந்தபோது புரூனோ புட்ஸெய்ஸ் வடிவமைத்த யுஸிடி வகையில் அவற்றுக்கும் பின்னாலிருந்து திருத்துகிறார்கள். நல்ல வேலை, அதற்குத் தகுந்த விலை. அதைக் கேட்டு உணரும் காது உங்களுக்கு இருக்கலாம். இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வேஷ்டியும் ஒரு ரூபாய்க் காசும் போதும் என்கிறேன்.

இளைஞர் வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் வாங்கவில்லை. போனஸில் ஒரு பகுதிக்கு நல்ல ஸ்பீக்கர் ஜோடி வாங்கினார். அந்த வித்தியாசத்துக்குத் திரை தேவைப்படவில்லை. மீதிப் பணத்தை ஊருக்கு அனுப்பினார்.

பழைய செட் இப்போது என் வீட்டில். ''சவுண்டு நல்லாத்தானே இருக்கு, எவ்வளவு கொடுத்தீங்க?'' என்று மனைவி கேட்டாள். சும்மா வந்தது என்றேன். அவள் இன்னும் நம்பவில்லை.