பரிசோதனை இலவசம், போய்வரும் செலவு யாருடையது?

காசநோய்க்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, குறைந்தது ஆறு மாதம் குடிக்கவேண்டிய மருந்து எல்லாமே இலவசம். மாவட்டந்தோறும் மார்புநோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. ஆனாலும் இலங்கையில் ஆண்டுதோறும் இந்நோய் பிடிப்பவர்களில் சில ஆயிரம் பேர் கண்டுபிடிக்கப்படாமலே இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. நம் லயங்களிலும் மாதக்கணக்காக இருமிக்கொண்டே மலையேறுகிறவர்களைப் பார்க்கிறோம். இலவசமாகக் கிடைப்பதை ஏன் போய் வாங்குவதில்லை?

கணக்குப் பார்த்தால் காரணம் தெரியும். டாக்டரைப் பார்க்க ஒரு நாள். காலையில் எழுந்ததும் எடுத்த சளியைக் கொண்டுபோய்க் கொடுக்க இன்னொரு நாள். முடிவை அறிய மற்றொரு நாள். மூன்று நாளும் பிரட்டுக்குப் போக முடியாது, பேர் கிடையாது. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்தே பார்த்தாலும் 4,050 ரூபா போய்விடுகிறது. டிவிஷனிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஆட்டோ, அங்கிருந்து டவுனுக்கு பஸ், நாள் முழுக்கக் காத்திருந்தால் சாப்பாடு. துணைக்கு ஒருவர் போனால் அவருடைய பேரும் இல்லை. ஆஸ்பத்திரியில் பற்றுச்சீட்டு எழுதாத கட்டணம் இதுதான்.

இதற்குப் பயந்து பலர் பக்கத்து டவுனில் தனியார் டாக்டரிடம் போகிறார்கள். மாலையில் போகலாம், பேர் கெடாது. ஆனால் பீஸ் கட்டி, இருமல் பாணியும் மாத்திரையும் வாங்கி, குறையவில்லை என்று மறுபடியும் போகிறார்கள். சளியைப் பரிசோதிக்காமலே இப்படி மாதங்கள் ஓடிவிடுகின்றன. கையிலிருந்த காசு கரைந்த பிறகு, மூச்சு வாங்கும் நிலையில்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

சிறிய கட்டணம் ஏழையை எப்படித் தடுக்கும் என்பதை இந்த நாடு முன்பே பார்த்திருக்கிறது. 1971இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் பிரிவில் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள். வருவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. 1977இல் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. 25 சதமே மக்களை வாசலில் நிறுத்தியதென்றால், மூன்று நாள் சம்பளம் என்ன செய்யும் என்பதை நிர்வாகங்களும் சுகாதார அதிகாரிகளும் யோசிக்கவேண்டும்.

இது நோயாளி ஒருவரின் நஷ்டம் மட்டுமல்ல. காசநோய் காற்றில் பரவுவது. ஒரே காம்பராவில் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் படுக்கிறோம். குளிருக்காக ஜன்னலை அடைத்து வைக்கிறோம். இருமுகிறவரைக் கண்டுபிடிப்பது ஒரு மாதம் தள்ளிப்போனால் அந்த ஒரு மாதமும் வீட்டிலுள்ளவர்கள் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். மருந்து தொடங்கினால் சில வாரங்களில் பிறருக்குத் தொற்றும் தன்மை பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆகவே நாம் மூன்று விடயங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, தோட்ட டிஸ்பென்சரியிலேயே சளியைச் சேகரிக்கவேண்டும். மூடிய குப்பியில் பத்திரமாக வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். மலையிறங்கிப் போகவேண்டியது சளிக்குப்பி, நோயாளி அல்ல. லொறியும் வேனும் தினமும் டவுனுக்குப் போய்வரும் தோட்டங்களில் இது முடியாத காரியமில்லை.

இரண்டாவது, பரிசோதனைக்கும் கிளினிக்குக்கும் போகும் நாளுக்கு, ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினால் முழுப்பேர் போடவேண்டும். மருந்து குடிக்கும் காலத்தில் கொழுந்து குறைகிறதென்று அரைப்பேர் போடக்கூடாது.

மூன்றாவது, காசநோய் என்று தெரிந்தவரை வேலையிலிருந்து ஓரங்கட்டக்கூடாது. அந்தப் பயம் இருக்கும்வரை யாரும் இருமலை வெளியில் சொல்லமாட்டார்கள்.

கோரிக்கைகளை முன்வைக்கும் அதேவேளை நம் பக்கத்தில் செய்யவேண்டியதும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், மாலைக் காய்ச்சல் வந்தால், உடம்பு மெலிந்தால், சளியில் இரத்தம் தெரிந்தால் பாணி வாங்கிக் காசைத் தொலைக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் “சளியைப் பரிசோதித்துத் தாருங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். வருத்தம் உறுதியானால் வீட்டிலுள்ள எல்லோரையும், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளையும், காட்டுங்கள். வசதியற்ற காசநோயாளருக்குச் சமூக சேவைத் திணைக்களத்தின் உதவித்தொகை உண்டு. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு விண்ணப்பிக்கலாம். படிவம் நிரப்ப நம் தோட்டத் தலைவர்கள் உதவவேண்டும்.

சிலர் இதைப் பரம்பரை நோய் என்கிறார்கள், பெண்பிள்ளைக்கு வரன் வராது என்று மறைக்கிறார்கள். இது பரம்பரையாக வருவதல்ல, கிருமியால் வருவது. மருந்தை இடையில் விடாமல் குடித்தால் குணமாகும். மறைத்தால்தான் குடும்பம் முழுக்கப் பரவும்.

அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் சளிக்குப்பியும் முழுப்பேரும் முதல் விடயமாக வரட்டும். நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள், பிரதியைக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். எந்தத் தோட்டம் ஒத்துக்கொண்டது, எது மறுத்தது என்பதை இதே பக்கத்தில் எழுதுவோம்.