மை படாத விரலைப் பழிக்க வேண்டாம்

2024 ஏப்ரல் 26, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாளில், மை வைத்த விரலைக் காட்டினால் தோசை இலவசம் என்று பெங்களூர் ஓட்டல்கள் சில அறிவித்தன. நல்லெண்ணந்தான். அப்படியும் சிவாஜிநகர் அடங்கிய பெங்களூர் மத்தியத் தொகுதியில் நூற்றுக்கு 54 பேர்தான் வாக்களித்தார்கள். உடனே வழக்கமான வசை எழுந்தது: சோம்பேறி நகரம், பொறுப்பற்ற மக்கள்.

இந்த வசை அநியாயம். விடியுமுன் சிவாஜிநகரின் ரஸ்ஸல் மார்க்கெட்டில் காய்கறி மூட்டையை முதுகில் ஏற்றி இறக்குகிறவரையா சோம்பேறி என்பது? கடைமுன் சாக்கடை அடைத்துக்கொண்டால் அவர் யாரிடம் போவார்? நகரம் கடைசியாகத் தன் வார்டு உறுப்பினர்களுக்கு வாக்களித்தது 2015 ஆகஸ்டில். 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. ஐந்தாண்டு ஓடி, 2025 செப்டம்பரில் நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தபோதும், கூப்பிட்ட குரலுக்கு வர ஒரு கார்ப்பரேட்டர் இல்லை. நகரில் வாக்காளர் விவரங்கள் திருட்டுத்தனமாகத் திரட்டப்பட்டதாக 2022 நவம்பரில் புகார் வெடித்தபோது, பெயர் சேர்ப்பையும் நீக்கத்தையும் முழுமையாகச் சரிபார்க்கத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்ட மூன்று தொகுதிகளில் சிவாஜிநகரும் ஒன்று. நம்பிக்கை எங்கிருந்து வரும்?

பணத்தின் கதை இதைவிட மோசம். சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அவருடைய கட்சி எத்தனை கோடியை இறைத்தாலும் வரம்பில்லை. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். பெயரை வெளியிடாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தது. அதற்குள் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் கைமாறிவிட்டது, கொடுத்தவர் யாரென்று வாக்காளருக்குத் தெரியாமலே. இன்றும் 20,000 ரூபாய் வரை கொடுத்தவர்களின் பெயரைக் கட்சிகள் சொல்ல வேண்டியதில்லை.

தேர்தலில் பணத்தின் பிடி இங்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு தீர்ப்பொன்று நிறுவனங்களின் தேர்தல் செலவுக்கு இருந்த தடையை நீக்கியது. அதே நாட்டில் சியாட்டில் நகரம் 2017 முதல் நகரத் தேர்தல்களில் வாக்காளர் கையில் தலா 25 டாலர் மதிப்புள்ள நான்கு நன்கொடைச் சீட்டுகளைத் தருகிறது. பிடித்த வேட்பாளருக்கு அவற்றை அவர் கொடுக்கலாம். அரசுப் பணம்தான், ஆனால் யாருக்கென்று முடிவு செய்வது குடிமகன்.

வார்டுத் தேர்தலை இனியும் தள்ளிப்போடக் கூடாது. கட்சிகளின் செலவுக்கும் உச்சவரம்பு வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல், வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே, கன்னடத்திலும் உருதுவிலும் தமிழிலும் சிவாஜிநகரின் ஒவ்வொரு வாக்குச்சாவடி வாசலிலும் ஒட்டப்பட வேண்டும்.